கார்பன் நகல்

அன்பு நண்பா,

முட்டி வலிக்கு நீ அனுப்பிய தைலம் வந்து சேர்ந்தது. மூன்று நாளாகத் தேய்க்கிறேன். வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, வாசனைதான் வீடு முழுக்க. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கோயிலுக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். பழைய ஆள் என்று என்னைப் பிடித்து, அந்த ஃபிரெஞ்சு ஃபாதரைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். செம்மண் சாலையில் அவர் மோட்டார் சைக்கிளோடு விழுந்தது, ரப்பர் தோட்டத்தில் கீழ லயத்து வரிசை வீட்டுப் பாட்டி அவருக்குப் புளிச்சோறு ஊட்டிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மலரில் போட முடியாததை உனக்கு எழுதுகிறேன்.

1970-இல் அவர் மேல் ஆயருக்கு மனு போனது உனக்குத் தெரியும். நீ அப்போது பினாங்கில் படித்துக்கொண்டிருந்தாய். அதில் கையெழுத்துப் போட்ட பதினோரு பேரில் நானும் ஒருவன். தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக, குமாஸ்தா வேலை கிடைத்து நாலு மாதம். பெரிய கிராணியார் தாளை நீட்டினார், போட்டேன். இத்தனை வருஷத்தில் உன்னிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

மனுவில் இருந்தது மூன்று குறை. பீடத்துக்கு முன்னால் குத்துவிளக்கு வைக்கிறார். பொங்கலுக்கு, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் போய்ப் பானையை மந்திரித்தார். கோயில் உண்டியல் பணத்தை எடுத்து இந்துக்களையும் சேர்த்துப் பிரஜா உரிமைக்காகப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போகிறார். எழுதாத நாலாவது ஒன்று உண்டு. அது எல்லோருக்கும் தெரியும். மேல லயத்துக்காரர்கள் காலை வைக்காத கீழ லயத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் சாப்பிட்டார்.

ஒரு வாரம் கழித்துச் சாயங்காலம் நாலு மணிக்கு, ரப்பர் பால் நிறுத்து முடிந்த நேரம், ஃபாதர் ஆபீசுக்கு வந்தார். கையில் ஏழெட்டுத் தாள். ஆயருக்குப் பதில் எழுதியிருக்கிறேன், என் எழுத்து யாருக்கும் புரியாது, நீ டைப் அடித்துக் கொடு என்றார். எனக்குக் கை நடுங்கியது. கார்பன் தாளைத் தலைகீழாகச் செருகி முதல் பக்கத்தையே கெடுத்தேன்.

உண்டியல் கணக்கு ஒரு முழுப் பக்கம். 1968-இல் மலேசியாவில் வந்த சட்டம் ஞாபகம் இருக்கிறதா, பிரஜை இல்லாதவன் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்று? பிரஜை இல்லாதவர்களுக்கான சிவப்புக் கார்டு வைத்திருந்தவர்கள் பாதிப் பேர், இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பலுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபாதர் ஒவ்வொரு ஆளுக்கும் பஸ் காசு, போட்டோ காசு, ஸ்டாம்புக் காசு என்று காசு காசாக எழுதியிருந்தார். அந்தக் காசுக் கட்டங்களை நேராக நிறுத்தவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதில் மனுவில் கையெழுத்துப் போட்ட ஒருவருடைய மாமியார் பெயரும் இருந்தது.

விளக்குக்கும் பானைக்கும் அவர் சொன்ன பதிலை அன்றுதான் முதலில் கேட்கிறேன். அவருடைய பாரிஸ் வேதபோதக சபையின் முதல் ஆயர்கள் கிழக்கே புறப்பட்டபோது, 1659-இல் ரோமாபுரி அவர்களுக்கு ஒரு கட்டளை கொடுத்ததாம்: விசுவாசத்தைக் கொண்டுபோங்கள், உங்கள் நாட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்கிற அர்த்தத்தில். அப்புறம் 1969-இல் இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்டபடி எண்ணெய் விளக்கு, ஆரத்தி எல்லாவற்றுக்கும் அனுமதி வந்ததையும் எழுதியிருந்தார். அது இந்தியாவுக்கு, இது மலேசியா என்று நம் ஆட்கள் சொல்வார்களே என்றேன். சிரித்தார். "எண்ணெய்க்குப் பாஸ்போர்ட் உண்டா?" என்றார்.

நடுவில் ஒரு பத்தி தத்துவ போதகரைப் பற்றி, அதுதான் இயேசு சபைச் சாமியார் ராபர்ட் தெ நோபிலி. 1606-இல் மதுரைக்கு வந்தவர், காவி கட்டிப் பூணூல் போட்டுச் சைவச் சாப்பாடு சாப்பிட்டவர். அதே இயேசு சபையில் அவருக்கு முன்பே மதுரையில் இருந்த பெர்னாண்டஸ் சாமியார்தான் மேலிடத்துக்கு முதலில் புகார் எழுதியவர். கோவாவில் 1619-இல் விசாரணை, அங்கிருந்து ரோமாபுரி. கடைசியில் 1623 ஜனவரியில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் பூணூலும் குடுமியும் சந்தனமும் இருக்கலாம் என்று தீர்ப்புக் கொடுத்தார். ஃபாதருக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? ஆனால் அந்தப் பத்தி முழுவதையும் பென்சிலால் அடித்திருந்தார்.

ஏன் என்று கேட்டேன். "அவர் மேல்சாதி ஆட்களை இழந்துவிடக்கூடாது என்று மற்றவர்களோடு வெளிப்படையாகப் பழகவில்லை. அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் நாலாவது குற்றத்தில் நான் தோற்றுவிடுவேன்" என்றார்.

நாலாவது என்ற வார்த்தை கேட்டதும் எனக்கு வேர்த்துவிட்டது. தாளில் மூன்றுதானே இருந்தது.

(பிற்காலத்தில் வாசித்தபோது தெரிந்துகொண்டேன். தாழ்த்தப்பட்டவர்களிடையே வேலை செய்யப் பண்டாரசாமிகள் என்று தனி ஆட்கள் வந்தது தத்துவ போதகர் காலத்திலேயே. ஃபாதர் அவர் மேல் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்துவிட்டார். ஆனாலும் ஒரு வீட்டுக்கு ஒரு சாமியார், இன்னொரு வீட்டுக்கு வேறு சாமியார் என்றால் நம் கீழ லயத்துப் பாட்டி என்ன சொல்லியிருப்பாள்? சோற்றைக் கீழே வைத்திருப்பாள்.)

ஆயர் என்ன பதில் எழுதினார் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. ஃபாதர் இருந்தார். விளக்கும் இருந்தது. தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றி லயங்களை இடித்தபோது, அந்த விளக்கைப் பட்டணத்துக் கோயிலுக்கு எடுத்துப் போனோம். இப்போது பக்கத்துப் பீடத்தில் நிற்கிறது, திரி மட்டும் பேட்டரி.

டைப் அடித்து முடிக்கையில் இருட்டிவிட்டது. ஃபாதர் ஒவ்வொரு பக்கமாக விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். நகலை மட்டும் என்னிடமே கொடுத்தார். பிறகு சீனன் கடையில் இரண்டு கோப்பி வாங்கினார், எனக்குச் சீனி கூடப் போடச் சொல்லி. கிளம்பும்போது மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே சொன்னார்: "டைப் சுத்தமாக இருக்கிறது, உன் கையெழுத்தைப் போலவே."

அதற்கு முன் என் கையெழுத்தை அவர் பார்க்க வேறு வழி கிடையாது.

அந்த நகல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. ஜூலை 26 அன்னம்மாள் திருநாளுக்குப் புக்கிட் மெர்தாஜம் வருவாய் அல்லவா? எடுத்து வருகிறேன்.

உன் பழைய பெஞ்சுக்காரன்