வந்து அளந்து பார்த்துவிட்டு மின்சாரம் கொடுங்கள்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மின் இணைப்பு வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வயரிங்கைச் சோதித்தாயிற்று என்று ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்டுத் தரும் வயரிங் நிறைவு அறிக்கை எப்படித் தயாராகிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்த மேசையில், எத்தனை நிமிடத்தில் அது எழுதப்படுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கடந்த ஐப்பசி மழையில் ஊருக்குப் போயிருந்தேன். புதிதாகக் கட்டிய மாடியில் வாஷிங் மெஷினுக்கு முன்னால் ஒரு மணைப்பலகை கிடந்தது. அப்பா இருந்தவரை உட்கார்ந்து சாப்பிட்ட பலகை. இது ஏன் இங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். “தரையில் நின்று தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. பலகைமேல் நின்றுகொண்டால் ஒன்றும் செய்வதில்லை” என்றார். மழை வரப்போகிறது என்று சொல்வதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எத்தனை நாளாக? மாடி கட்டி முடித்ததிலிருந்தே, அதாவது நான்கு மாதமாக. வயரிங் செய்தவரிடம் சொன்னாராம். “செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா” என்று யோசனை கிடைத்திருக்கிறது. ஈரத்தில் செருப்பு வழுக்கியதால் அம்மாவாகவே மணைக்கு மாறிவிட்டார். 71 வயதில் துணி துவைக்க ஒருவர் பலகை ஏற வேண்டியிருக்கிறது.

மறுநாள் வேறொரு எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன். அவர் மெயினை அணைத்துவிட்டு அந்த 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டின் திருகுகளைக் கழற்றினார். உள்ளே, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க வேண்டிய பச்சை எர்த் வயர் இருக்கத்தான் இருந்தது. ஆனால் முனைகூடச் சீவப்படாமல், சுருட்டிப் பெட்டியின் மூலையில் திணிக்கப்பட்டிருந்தது. எர்த் துளையிலிருந்து விரல் நீளக் கறுப்பு வயர் ஒன்று பக்கத்திலிருந்த, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரலுக்குப் போயிருந்தது. அவர் அதை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தூக்கிக் காட்டி, “இதைப் போட்டுவிட்டால் டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரியும் சார். பார்ப்பவர் எர்த் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்” என்றார். மீட்டர் பக்கத்தில் நியூட்ரல் இணைப்பு தளர்ந்து கறுத்திருந்தது. அம்மாவை இழுத்த சுருக்குக்கு அதுதான் காரணம். அந்த இணைப்பு முழுதாக விட்டுப்போயிருந்தால், 230 வோல்ட்டும் மெஷினின் தகர உடம்பில் வந்து நின்றிருக்கும். அன்றைக்கு மணைப்பலகையும் ஈரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத விரும்பவில்லை.

அடுத்து, வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிபி பாக்ஸ். மின்கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதில் இருந்தது. ‘டி’ என்று பொறித்த சோதனைப் பொத்தானை அழுத்தினார். அழுத்தியதும் அதன் நெம்புகோல் விழுந்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும். விழவில்லை. வயர்கள் அதைத் தொடாமல் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு, அளவுக்கு மீறிய மின்னோட்டம் வந்தால் மட்டும் துண்டிக்கும் எம்.சி.பி.க்குப் போயிருந்தன. மழையில் அடிக்கடி விழுந்து தொந்தரவு செய்ததாம், அதனால் அதை ஓரங்கட்டியிருக்கிறார்கள். காவல்நாய் குரைக்கிறது என்று வாயைக் கட்டிவிட்டு வாசலில் நிறுத்தி வைத்ததுபோல.

எம்.சி.பி. இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஈரக் கையும் ஈரத் தரையுமாக நிற்பவரின் உடல் சுமார் 1,000 ஓம் தடை தருவதாக வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் உடலுக்குள் ஓடுவது 0.23 ஆம்பியர். உயிரை எடுக்க அது போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அப்படி ஒன்று ஓடுவதே தெரியாது. அதற்காகத்தான் 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர், கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யை வீட்டில் வையுங்கள் என்கிறார்கள். நாங்களும் வைத்திருந்தோம், பார்வைக்கு.

இப்போது அந்த நிறைவு அறிக்கை. அம்மா பத்திரக் கோப்பில் அதன் நகலை வைத்திருந்தார். எர்த் மின்தடை (குறைவாக இருந்தால் நல்லது) 1.2 ஓம் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது. அடியில் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின் முத்திரை. அவர் முகத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. எர்த் என்று எங்கள் வீட்டுக்குப் போட்டிருந்ததோ, கொல்லைச் சுவரோரம் அடித்த ஒரு முழ இரும்புக் கம்பி. பைப் எர்த் என்றால் குழாய் இரண்டரை மீட்டராவது மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்கிறது எர்த் அமைப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043. பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருடைய அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அங்கும் 1.2 ஓம். பூமாதேவி எங்கள் தெருவில் யாரிடமும் பாகுபாடு காட்டுவதில்லை போலிருக்கிறது.

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று விதிகளைப் புரட்டினேன். மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகளில் ஒரு சிறிய சொல் அகப்பட்டது: ‘அல்லது’. புதிய இணைப்பு கொடுக்குமுன் மின்சாரம் வழங்குபவர் தாமே வயரிங்கைச் சோதிக்க வேண்டும், அல்லது உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்டுத் தரும் சோதனை முடிவை ஏற்றுக்கொள்ளலாம் என்று இருந்தது. 2023இல் விதிமுறைகள் புதிதாக எழுதப்பட்டன. எங்கள் தெரு வழக்கம் இன்றும் அந்த ‘அல்லது’விலேயே குடியிருக்கிறது. அந்த 2010 விதிமுறைகளிலேயே, 500 வோல்ட் மெக்கர் கொண்டு காப்புத் தடையை, அதாவது வயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் அளவை, அளக்க வேண்டும், அது 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்றும் இருந்தது. மெக்கர் என்ற கருவியை அம்மா கண்ணால் கண்டதில்லை. தாளைப் பார்த்து மின்சாரம் கொடுக்காதீர்கள். வந்து அளந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

புது வீட்டுக்காவது ஒரு தாள் கேட்கிறீர்கள். வயரிங்கை மாற்றிப் போடும் பழைய வீட்டுக்கு அதுவும் இல்லை. மீட்டர் அதேதான், எண்ணும் அதேதான், பிறகு யார் வரப்போகிறார்கள்? என் மாமா வீட்டில் மரச்சட்டத்துக்குள் ஓடிய, எர்த் வயர் இல்லாத இரண்டு வயர் காலத்து வயரிங்கை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். சுவருக்குள் பைப் புதைத்து, பளபளக்கும் சுவிட்சுகள் வைத்து, ஏ.சி.யும் மாட்டியாயிற்று. எர்த் குழி மட்டும் தோண்டவில்லை. முற்றத்தில் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தார்களாம், உடைக்க மனம் வரவில்லையாம்.

ஊரில் எங்கே தீப்பிடித்தாலும், மறுநாள் செய்தித்தாளில் ‘மின்கசிவே காரணம் என முதற்கட்ட விசாரணையில்’ என்று ஒரு வரி வரும். இரண்டாம் கட்ட விசாரணையைப் பற்றி நான் படித்ததே இல்லை. மின்சாரம் தானாகக் கசிய அது என்ன ஓட்டைக் குடமா? யாரோ ஒருவர் மெலிந்த வயரைப் போட்டார், யாரோ ஒருவர் பச்சை வயரைச் சுருட்டி வைத்தார், யாரோ ஒருவர் பார்க்காமல் கையெழுத்திட்டார் என்று எழுதக் கூடாதா? கட்டணம் ஒரு நாள் தவறினால் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வருகிறார். அதே ஆள், அதே ஏணி, அதே மோட்டார் சைக்கிள். இணைப்புக் கொடுக்கும் நாளில் மட்டும் அவருக்கு வேறு அவசர வேலை வந்துவிடுகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு வேறெங்கோ போய்விட்டேன். ஆள் பற்றாக்குறை என்பீர்கள். அது பொய்யில்லை என்று எனக்கும் தெரியும். கம்பத்தில் ஏறுகிறவர்கள் படும் பாட்டை மழைக்காலத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் கேட்பது அரை மணி நேர வேலை. உங்கள் ஊழியர் ஒருவர் மெக்கரோடும் எர்த் டெஸ்டரோடும் வரட்டும். ஏதாவது ஒரு பிளக் பாயின்ட்டைத் தாமே தேர்ந்தெடுத்துக் கழற்றிப் பார்க்கட்டும். ஆர்.சி.சி.பி.யின் பொத்தானை வீட்டுக்காரர் கண்ணெதிரே அழுத்தட்டும். அளந்த எண்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, தம் பெயரையும் தேதியையும் போட்டு வீட்டில் கொடுக்கட்டும். வயரிங் மாற்றிய பழைய வீடுகளுக்கும் இது பொருந்தட்டும். அதற்குக் கட்டணம் வாங்கினாலும் சரிதான், கொடுக்கிறோம்.

எங்கள் வீட்டில் இப்போது எர்த் குழி தோண்டியாயிற்று, கறுப்புத் துண்டு வயரையும் எடுத்தாயிற்று. முன்பு செருப்பு யோசனை சொன்னவரும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னார், புதிதாக வந்தவரும் அதையேதான் சொல்கிறார். இருவரில் யாரை நம்புவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அதனால் மணைப்பலகை இன்னும் மெஷினுக்கு முன்னால்தான் கிடக்கிறது. தயவுசெய்து ஒருவரை அனுப்பி அளந்து பாருங்கள்.

பணிவுடன்,
வீட்டு மின் இணைப்புதாரர் ஒருவரின் மகன்