256 ரூபாய்க் கடன்

எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளத் தண்ணீர் வடிந்துவிட்டது. நாங்கள் மூவரும் நலம். அந்த ஐந்து நாட்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேர் எங்களோடு நின்றீர்கள். அம்மாவை மேல்மாடிக்குத் தூக்கிச் சென்றவர்கள், சோற்றுப் பார்சல் கொண்டுவந்தவர்கள், என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்த ஆசிரியைகள், சேறு வழித்த பழைய மாணவர்கள்... ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் போட்டோக்கொப்பிக் கடையொன்றில் வேலை செய்யும் தம்பியைப் பற்றி மட்டும் இங்கேயே சொல்லியாக வேண்டும்.

கணினி அறிஞரும் கணிதருமான டொனால்ட் கனூத்தைப் பற்றி மாணவர்களுக்காக நான் எழுதிவந்த சிறு நூலின் கையெழுத்துப் பிரதி நனைந்து ஒட்டிப்போயிருந்தது. "வைத்துவிட்டுப் போங்கள் டீச்சர், மின்விசிறியில் காயவைத்துப் பிரதி எடுத்துத் தருகிறேன்" என்றார். மூன்றாம் நாள் போனேன். எல்லாத் தாள்களும் வரிசையாக இருந்தன. ஒன்றில் மட்டும் பென்சிலால் ஒரு சிறு கேள்விக்குறி.

"1938இல் பிறந்தவருக்கு 1974இல் 36 வயதுதானே, டீச்சர்? 38 என்று எழுதியிருக்கிறீர்கள்."

கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைக் கனூத் பெற்ற வயது அது. மூன்று முறை திருத்திய கணித ஆசிரியையின் கண்ணில் படவில்லை! தாள்களைக் காயவைத்தவர் அவற்றைப் படித்தும் இருக்கிறார். அந்த வாரம் முழுவதும் வராத அழுகை, கடை வாசலில் வந்துவிட்டது.

தம் நூல்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டொலர் காசோலை அனுப்புவது 2008 வரை கனூத்தின் வழக்கமாக இருந்தது. 256 சதம், பதினாறை அடியாகக் கொண்ட பதினறும எண்ணில் எழுதினால் 100. வங்கியில் போடாமல் சட்டமிட்டு மாட்டிவைத்தவர்கள் பலர். நானும் 256 ரூபாயை எண்ணி நீட்டினேன். பிரதிக்குரிய காசை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

1977இல் தம் நூலின் மறுபதிப்பு அச்சுப்படி அழகாக இல்லையென்று, கனூத் தாமே 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கப் புறப்பட்டார். ஓராண்டில் முடியும் என்று நினைத்தது பத்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. கணினி நிரலாக்கம் பற்றி அவர் 1962இல் தொடங்கிய பெருநூலின் ஒரு பகுதி 2022இல்தான் வந்தது. என் நூலில் இதையெல்லாம் 'பொறுமைசாலி' என்ற ஒரே சொல்லில் கடந்திருந்தேன். அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதப் போகிறேன்.

நூல் வெளிவந்ததும் பிழை காட்டுகிறவர் எவராயினும் 256 ரூபாய் தருவேன். ஆசிரியைச் சம்பளம் என்பதை நினைவில் வைத்துத் தேடுங்கள்.

தம்பிக்குரிய பணம் இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது. நாளை மறுபடியும் கொண்டுபோகிறேன்.