புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் முன், பழையதை ஒருமுறை திறந்து பார்ப்போம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குங்க, புதுசே வாங்கிடலாமுங்களா?" திருப்பூரில் பனியன் கம்பெனி அலுவலகமானாலும் டியூஷன் சென்டரானாலும் எங்களிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் எங்கள் பதில், "இப்போதைக்கு வேண்டாம்" என்பதே. பெட்டிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஆறேழு பாகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தடுமாறினாலும் மொத்தமும் படுத்துவிட்டது போலத் தோன்றும். எந்தப் பாகம் எப்படித் தொல்லை தரும் என்று தெரிந்துகொண்டால், எங்களிடம் வந்தாலும் வேறு கடைக்குப் போனாலும் உங்கள் பணம் வீணாகாது. அதற்காகவே இந்த மடல்.

முதலில் வேகம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். கணக்கிடும் பாகமான பிராசசர் 15 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நின்றால் சிக்கல் கோப்புகளைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க்கில்தான். அதற்குள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை தட்டு சுழல்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் ஊசிமுனை இடம் தேடி நகர வேண்டும். அதற்குப் பதிலாகச் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழல்வதற்கோ நகர்வதற்கோ எதுவும் இல்லை. ஹார்டு டிஸ்க் போலவே கேபிளில் இணையும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும். ஹார்டு டிஸ்க் 100, 150 எம்பியோடு நின்றுவிடும். பழைய கம்ப்யூட்டருக்குச் செய்யக்கூடிய செலவுகளில் ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுவதைவிடப் பலன் தருவது வேறில்லை. பபிள்கம் அளவில் வரும் என்விஎம்இ எஸ்எஸ்டி இன்னும் வேகமானது. ஆனால் அதைச் செருகும் இடம் எல்லாப் பாகங்களும் இணையும் உங்கள் மதர்போர்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது ரேம், அதாவது வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி. பில் போட, பிரௌசர் திறக்க 8 ஜிபி போதும். டிசைன், பேட்டர்ன் மென்பொருள் ஓட்டுபவர்களுக்கு 16 ஜிபி வேண்டும். ரேமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் அடிப்பக்க வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. வாங்க வரும்போது பழைய ரேமின் லேபிளைப் படம் எடுத்து வந்தால் போதும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. சிப் தயாரிப்பாளர்கள் செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான மெமரிக்கு உற்பத்தியைத் திருப்பியதே அதற்குக் காரணம். அதனால் தேவைக்கு மேல் போடச் சொல்லி நாங்கள் வற்புறுத்துவதில்லை.

பிராசசர் தானாகக் கெடுவது அபூர்வம். அதைப் படுத்துவது சூடு. நம் ஊரில் இதற்குத் தனிக் காரணமே உண்டு: பஞ்சு. கட்டிங் டேபிள் பக்கத்தில் தரையில் வைத்த கேபினட்டைத் திறந்து ஃபேனைக் கழற்றினால், அடியில் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகள் கண்ணுக்கே தெரியாது. மேலே கம்பளித் துண்டு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். விரலால் இழுத்தால் முழுசாக உரிந்து வரும். காற்று போக வழியில்லாமல் 100 டிகிரியை நெருங்கும்போது பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் அணைந்துவிடும். பஞ்சை நீக்கி, பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே பாதிப் புகார்கள் தீர்கின்றன. கேபினட்டை மேசைமேல் ஏற்றி வையுங்கள். நீங்களே ப்ளோயர் அடிப்பதாக இருந்தால், பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள்.

இனி எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளை. எல்லோரும் காசை மிச்சம் பிடிப்பது இதில்தான். நாங்கள் மிகவும் வருத்தப்படுவதும் இதற்குத்தான். சுவரில் வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் கொடுப்பது இதுவே. மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் வரவேண்டும், 11.4க்குக் கீழே போகக்கூடாது. கேபினட்டோடு சேர்த்து மலிவாக வரும் சிலவற்றில் '450 வாட்' என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 216 வாட்தான். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் நம்பியிருப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். வேலை நடுவே சட்டென்று அணைவது, தானாக ரீஸ்டார்ட் ஆவது, கரண்ட் போய் வந்தபின் ஆன் ஆகாமல் இருப்பது இவற்றுக்கெல்லாம் முதலில் இதைத்தான் சோதிக்கிறோம். தரமில்லாத எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகலாம். இதன் பெட்டியை மட்டும் தயவுசெய்து வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கம்ப்யூட்டரில் தேதி பல வருடம் பின்னால் போய், ஜிஎஸ்டி தளம் திறக்க மறுக்கிறதா? மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கும். மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும். படங்களைத் திரைக்குத் தயாரிக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு என்பது வீடியோ எடிட்டிங், முப்பரிமாண டிசைன், கேம் ஆகியவற்றுக்குத் தேவை. கணக்கு எழுதும் அலுவலகத்துக்குத் தேவையில்லை.

புதிதாக வாங்கியே ஆகவேண்டிய நிலையும் உண்டு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளைப் பொதுவாக 2025 அக்டோபர் 14 உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும்; இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதலான பிராசசர் வேண்டும். உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் பிராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் மாற்ற நேரும். அப்போதும் எஸ்எஸ்டி, மானிட்டர், கீபோர்டு, நல்ல எஸ்எம்பிஎஸ் இருந்தால் அப்படியே தொடரலாம். எதெல்லாம் மிஞ்சும் என்று எழுதிக் கொடுத்த பிறகே விலை சொல்வோம்.

இந்த மாதம் முதல் எங்கள் ஒவ்வொரு பில்லிலும் மாற்றிய பாகத்தின் மாடல், சீரியல் நம்பர், வாரண்டி முடியும் தேதி மூன்றும் இருக்கும். கழற்றிய பழைய பாகத்தையும் கவரில் போட்டு உங்கள் கையிலேயே தருவோம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சர்வீசுக்குக் கொண்டு வருமுன் கணக்கு டேட்டாவைப் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாத நிலையில் இருந்தால், கொடுக்கும்போதே சொல்லுங்கள். வேறெதையும் தொடுமுன் அதைத்தான் முதலில் எடுப்போம்.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையினர்,
திருப்பூர்