கதை மாறலாம், விலை குறையக் கூடாது: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்பும் மரியாதையும் கலந்த வணக்கம், மாமா.

உங்கள் குற்றச்சாட்டு எனக்கு மனப்பாடம். காமிக்ஸைப் படமாக்குகிறவர்கள் உடையை மாற்றுகிறார்கள், வில்லனின் நோக்கத்தை மாற்றுகிறார்கள், சாக வேண்டியவரைப் பிழைக்க வைக்கிறார்கள், மொத்தத்தில் தொட்டதையெல்லாம் கெடுக்கிறார்கள் என்பீர்கள். சுங்கை சிப்புட்டில் அந்தப் புத்தகங்களை முதன்முதலில் எனக்குப் படிக்கக் கொடுத்தவரே நீங்கள்தான். அந்த உரிமையில்தான் உங்களை எதிர்த்தும் எழுதத் துணிகிறேன்.

உடையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வுல்வரினின் மஞ்சள் உடை 2000-ஆம் ஆண்டு வந்த முதல் எக்ஸ்மென் படத்தில் கறுப்புத் தோலாக மாறியதற்காக நான் ஒரு நாளும் தூக்கத்தை இழந்ததில்லை. கதையை மாற்றுவது வேறு விஷயம். ஆனால், தோட்டத்துக் கோயிலில் ஆண்டுதோறும் இராமாயணம் வாசிக்கும் நீங்களா மாற்றத்தைக் குறை சொல்வது? வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனிலோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். அதற்காகக் கம்பனை யாரும் கோபிப்பதில்லை, ஏனென்றால் அந்தப் பிரிவின் துயரத்தில் ஒரு துளியையும் அவன் குறைக்கவில்லை. சூப்பர் ஹீரோ படங்களுக்கும் நான் இந்த அளவுகோலைத்தான் வைக்கிறேன். இடம், காரணம், ஆள் என எதையும் மாற்றிக்கொள்ளட்டும். நாயகன் கொடுக்க வேண்டிய விலையை மட்டும் தள்ளுபடி செய்யக் கூடாது.

நீங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும், ஸ்பைடர்மேனான பீட்டரின் காதலி குவென் ஸ்டேசியின் மரணத்தையே பார்ப்போம். 1973-இல் வெளிவந்த ஸ்பைடர்மேன் 121-ஆம் இதழ் அது. ஜெர்ரி கான்வே எழுதியது, கில் கேன் வரைந்தது. வில்லன் கிரீன் கோப்ளின் அவளைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளுகிறான். பீட்டரின் வலை அவள் காலைப் பற்றிவிடுகிறது. அதே படக்கட்டத்தில் அவள் கழுத்தருகே 'ஸ்னாப்' என்று ஒரு சின்னஞ்சிறு ஒலி எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்காத பீட்டர், தன் திறமையைத் தானே மெச்சியபடி அவளை மேலே இழுக்கிறான். பார்த்துவிட்ட நாம் மட்டும், காப்பாற்றிய வலையே கொன்றிருக்குமோ என்ற சந்தேகத்தோடு அடுத்த கட்டத்துக்குப் போகத் தயங்குகிறோம்.

2002-இல் சாம் ரைமி எடுத்த ஸ்பைடர்மேன் படத்திலும் அதுபோல ஒரு பாலக் காட்சி வருகிறது, ஆனால் குவெனுக்குப் பதிலாக மேரி ஜேன். கோப்ளின் ஒரு கையில் அவளையும், இன்னொரு கையில் குழந்தைகள் நிறைந்த கேபிள் காரையும் (கெந்திங் மலைக்கு ஏறும்போதெல்லாம் இந்தக் காட்சி என் வயிற்றைக் கலக்கும்) பிடித்துக்கொண்டு, யாரைக் காப்பாற்றப் போகிறாய் என்று கேட்கிறான். பீட்டர் இரு தரப்பையும் காப்பாற்றிவிடுகிறான். விலை எங்கே போயிற்று என்பீர்கள். அது படத்தின் கடைசியில், கல்லறைத் தோட்டத்தில் வருகிறது. சிறுவயது முதல் அவன் ஏங்கிய பெண் தானாக வந்து காதலைச் சொல்லும்போது, தன்னால் நண்பனாக மட்டுமே இருக்க முடியும் என்று சொல்லிவிட்டு நடக்கிறான். உயிரை விட்டுவைத்து உறவை எடுத்துக்கொண்டார்கள், கடன் தீர்க்கப்பட்டது.

இதற்கு நேர்மாறானது நீங்கள் 'மூலத்துக்கு உண்மையானது' என்று பாராட்டும் 2014-ஆம் ஆண்டு ஸ்பைடர்மேன் படம். அதில் குவென் உண்மையாகவே இறக்கிறாள். வலையின் நுனி விரல்கள் விரிந்த கை போல அவளை நோக்கி மெதுவான அசைவில் நீள்கிறது. அழகான காட்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பீட்டரின் ஐந்து மாதத் துயரம் திரையில் சில நிமிடங்களில் முடிந்து, காண்டாமிருகக் கவசம் அணிந்த அடுத்த எதிரியை நோக்கி அவன் உற்சாகமாகத் தாவிவிடுகிறான். நிகழ்ச்சியை அப்படியே எடுத்துக்கொண்டு அதன் பாரத்தை இறக்கி வைத்துவிட்ட இந்தப் படத்தை என்னால் உண்மையானது என்று சொல்ல முடியவில்லை.

அவெஞ்சர்ஸ் கதைகளின் வில்லன் தானோஸ் விஷயத்திலும் உங்கள் பக்கம் நிற்க முடியாததற்கு மன்னியுங்கள். 1991-ஆம் ஆண்டுக் கதையில் அவன் மரண தேவதையின் காதலைப் பெறுவதற்காகப் பிரபஞ்சத்தில் பாதிப் பேரை அழிக்கிறான். 2018-ஆம் ஆண்டுப் படத்திலோ, வாய்கள் அதிகம், வளங்கள் குறைவு என்று கணக்குப் போட்டு அதையே செய்கிறான். முதலாவது புராணம் போன்றது, அதன் கம்பீரமே தனி. ஆனால் இரண்டாவதுதான் எனக்கு அச்சம் தந்தது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட காலத்திலும், தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்திலும், ஆள் அதிகம் என்று முகத்தில் சலனமில்லாமல் சொன்னவர்களை நம் மலேசியத் தோட்டத் தொழிலாளர் லயங்கள் கண்டிருக்கின்றன. தான் நியாயம் செய்வதாக நம்பும் அப்படிப்பட்ட மனிதனை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

அச்சுப் பிசகாமல் எடுத்தால் மட்டும் போதுமா என்பதற்கு வாட்ச்மென் படம் இருக்கிறது. 2009-இல் ஸாக் ஸ்னைடர் பல காட்சிகளைக் கட்டத்துக்குக் கட்டம் பார்த்தே அமைத்தார்; படத்தில் தன் பெயர் வேண்டாம் என்று மூலப் புத்தகத்தை எழுதிய ஆலன் மூர் ஒதுங்கிக்கொண்டார். புத்தகத்தில், செவ்வாய்க் கோளில் அமர்ந்திருக்கும் டாக்டர் மன்ஹாட்டனுக்கு நேற்றும் நாளையும் ஒன்றுதான். ஒரே பக்கத்தில் கண்ணை முன்னும் பின்னும் ஓட்டி அவர் காண்பதை நாமும் காண முடிகிறது. திரையரங்கில் படம் ஒரே திசையில் ஓடுகிறது, பக்கத்தைத் திருப்பும் உரிமை பார்வையாளருக்கு இல்லை. கட்டங்களை அப்படியே கொண்டுவந்தும் அந்த அனுபவம் வந்து சேரவில்லை.

உங்களோடு முழுமையாக ஒத்துப்போகும் இடமும் உண்டு. 2019-க்குப் பிறகு வரும் படங்களில் பல பிரபஞ்சங்கள் என்ற வசதியைக் கண்டுபிடித்துக்கொண்டு, செத்தவரின் இன்னொரு பிரதியைப் பக்கத்து உலகத்திலிருந்து அழைத்து வருகிறார்கள். அவெஞ்சர்ஸ் படங்களில் வரும் லோக்கி 2018-இல் இறந்தார். 2021-இல் அவர் பெயரிலேயே ஒரு தொடர் வந்தது. இதுதான் நான் சொல்லும் தள்ளுபடி. இதைப் படக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே காமிக்ஸ்தான் என்பதையும் நீங்கள் மறுக்க முடியாது: 1992-இல் சூப்பர்மேனைச் சாகடித்து, அடுத்த ஆண்டே எழுப்பிக் கொண்டுவந்தார்கள்.

அதே பல பிரபஞ்சங்களை வைத்துக்கொண்டு விலையைக் குறைக்காமல் எடுக்கப்பட்ட படம் ஒன்று உண்டு. 2018-இல் வந்த ஸ்பைடர்வெர்ஸ் அனிமேஷனைச் சொல்கிறேன்; கார்ட்டூன்தானே என்று நீங்கள் தவிர்த்துவிட்ட படம். மலிவு அச்சின் வண்ணப் புள்ளிகளும், தலைக்கு மேல் மிதக்கும் எழுத்துப் பெட்டிகளும் அதில் அப்படியே இருக்கின்றன. நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் படத்தில், காட்டுக்குள் பீட்டரின் ஒவ்வொரு அசைவும் 24 சட்டங்களிலும் புதிதாக வரையப்பட்டிருக்க, வலையில் ஆடக் கற்றுக்கொள்ளும் புதிய ஸ்பைடர்மேனான சிறுவன் மைல்ஸுக்கு அதில் பாதிதான். அவன் தடுமாற்றம் கண்ணுக்கே தெரிகிறது. அவன் அப்பாவின் சகோதரர் அவன் கைகளிலேயே உயிர்விடுகிறார். எந்தப் பிரபஞ்சத்திலிருந்தும் அவருக்குப் பதில் ஆள் வருவதில்லை.

அடுத்த முறை ஈப்போவுக்கு வரும்போது என் வீட்டில் தங்குங்கள், இந்தப் படத்தை இருவரும் சேர்ந்து பார்ப்போம். பிடிக்கவில்லையென்றால் எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அத்தை தூங்கப் போ என்று அதட்டும்வரை நானும் விடாமல் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்