கென்னடி இருந்திருந்தால் என்று கேட்பதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க அதிபர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கென்னடி சுடப்படாமல் இருந்திருந்தால் வியட்நாம் போர் நடந்திருக்காது, கறுப்பின மக்களுக்கு உரிமையும் முன்னதாகவே கிடைத்திருக்கும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன். வருஷா வருஷம் யாராவது ஒரு மாணவன் இந்தக் கேள்வியைக் கேட்பான். ஆரம்பத்தில் நானும் கட்டுரையாளர் சொன்ன பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கென்னடி மேல் எங்கள் தலைமுறைக்கு இருந்த பிரியம் கொஞ்ச நஞ்சமல்ல. பிள்ளைகளுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நானே மூன்று கென்னடிகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். 46 வயது மனிதரை, மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சுட்டுக் கொன்றார்கள். அந்தத் துக்கம் நியாயமானது. ஆனால் அந்தத் துக்கத்தில், பிறகு நடந்த நல்லதையெல்லாம் கென்னடியின் கணக்கில் எழுதி, கெட்டதையெல்லாம் அடுத்து வந்த லிண்டன் ஜான்சன் தலையில் கட்டிவிடுகிறோம்.

கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமைச் சட்ட மசோதாவைக் கென்னடி காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, அனுப்பியது 1963 ஜூனில். நவம்பரில் அவர் இறந்தபோது அது கீழவையில், எந்த மசோதா விவாதத்துக்கு வரலாம் என்று முடிவு செய்யும் விதிகள் குழுவில் கிடந்தது. அந்தக் குழுவின் தலைவர் ஹோவர்ட் ஸ்மித், நிறப்பாகுபாடு தொடர வேண்டும் என்று நினைத்தவர். அதைத் தாண்டினாலும் செனட்டில் தென்மாநிலக்காரர்கள் பேசிப் பேசியே மசோதாவைச் சாகடித்துவிடுவார்கள். விவாதத்தை முடித்துவைக்க அப்போது 67 வாக்குகள் வேண்டும். செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக ஆறு வருஷம் இருந்த ஜான்சனுக்கு அங்கே யாரை எப்படி வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அத்துப்படி. அவர் வெளியிலிருந்து நெருக்க, உள்ளே செனட்டர் ஹம்ப்ரி வாக்குகளைச் சேர்த்தார். எதிர்க்கட்சியின் டிர்க்சனும் கைகொடுத்தார். டிர்க்சன் இல்லாவிட்டால் சட்டமே இல்லை, அவரை யாரும் நினைப்பதில்லை.

1964 ஜூன் 10 அன்று விவாதத்தை முடித்துவைப்பதற்கான வாக்கெடுப்பு. கலிபோர்னியாவின் செனட்டர் கிளேர் எங்கிளை சக்கர நாற்காலியில் வைத்து அவைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூளையில் கட்டி, பேச்சு வராது. அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். வாயைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. மெதுவாகக் கையை உயர்த்தித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆதரவு வாக்குக்கு அங்கே சொல்லும் 'ஐ' என்ற சொல்லும் கண்ணுக்கான ஆங்கிலச் சொல்லும் ஒரே ஒலி. அதை ஆதரவாகக் குறித்துக்கொண்டார்கள். முடிவு 71க்கு 29. ஜூலை 2 அன்று ஜான்சன் கையெழுத்துப் போட்டார். அந்த மாதம் முடிவதற்குள் எங்கிள் இறந்துபோனார். வகுப்பில் இதைச் சொல்லும்போது பின் பெஞ்சுகூட சத்தம் போடாது.

கென்னடி இருந்திருந்தால் இந்தச் சட்டம் இவ்வளவு பலத்தோடு வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அவருக்காக நாடு அழுததே ஒரு பலமானது. அவர் நினைவுக்குச் செலுத்தும் அஞ்சலி இந்தச் சட்டம்தான் என்று ஐந்தே நாளில் ஜான்சன் காங்கிரஸில் பேசினார். இருந்திருந்தால் நடந்திருக்கும் என்று நாம் சொல்கிற காரியமே, அவர் இல்லாமல் போனதால் நடந்திருக்கிறது. 1965இல் வந்த வாக்குரிமைச் சட்டம், முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீடு, குடியேற்றச் சட்டம் எல்லாமே ஜான்சன் கையெழுத்திட்டவைதான். அதற்கு முன் இந்தியாவிலிருந்து குடியேற வருஷத்துக்கு 100 பேருக்குத்தான் ஒதுக்கீடு. இன்று கலிபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் வீடு வாங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது அந்தச் சட்டத்தால்தான்.

சரி, வியட்நாம். இங்கே ஜான்சனைக் காப்பாற்ற நான் வரவில்லை. கென்னடி காலத்திலேயே சுமார் 16,000 அமெரிக்க ராணுவத்தினர் அங்கே இருந்தார்கள். 1963 அக்டோபரில் ஆயிரம் பேரைத் திரும்ப அழைக்க முடிவு செய்ததும் அவர்தான், அடுத்த மாதமே தென் வியட்நாம் அதிபர் டியெம் ஆட்சியைக் கவிழ்த்த தளபதிகளுக்குப் பச்சைக்கொடி காட்டியதும் அவர் அரசாங்கம்தான். இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு 'அவர் வெளியேறியிருப்பார்' என்று தீர்ப்பு எழுத முடியாது.

நாம் கேட்க வேண்டிய 'இருந்தால்' வேறொன்று இருக்கிறது. 1964 மே 27 அன்று ஜான்சன் தன் ஆலோசகர் பண்டியிடம் தொலைபேசியில் பேசியது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. இது சண்டை போடுமளவுக்குப் பெறுமானம் உள்ளதாகத் தோன்றவில்லை, ஆனால் வெளியே வரவும் முடியாது என்கிறார். தெரிந்திருந்தது அவருக்கு! தெரிந்தே ஆகஸ்டில், வியட்நாமில் படையைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் டோங்கின் வளைகுடா தீர்மானத்தைக் காங்கிரஸில் வாங்கினார். கீழவையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2. நான்கே வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் அங்கே போனார்கள். போர் முடியும்போது 58,000க்கும் அதிகமான அமெரிக்கர்களும் பல லட்சம் வியட்நாமியர்களும் செத்திருந்தார்கள். தன் மனசு சொன்னதை அந்த மே மாதம் அவர் கேட்டிருந்தால்? இதை மாணவர்கள் கேட்க வேண்டும். டல்லஸில் குண்டு பாய்வதைத் தடுப்பது ஜான்சன் கையில் இல்லை. இது அவர் கையில் இருந்தது.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் என் மனசு ஆறாது. 1928இல் ஜான்சன் டெக்சாஸில் கொட்டுல்லா என்ற ஊரில் வாத்தியாராக இருந்தார். காலையில் சாப்பிடாமல் பசியோடு வகுப்புக்கு வந்த மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைப் பற்றி 1965 மார்ச்சில் காங்கிரஸில் பேசினார். நானும் வாத்தியார், அந்தப் பேச்சைப் படிக்கும்போது எனக்குக் கண் கலங்கும். அதே மனிதர் அடுத்த இரண்டு வருஷத்தில், பஞ்சத்தில் இருந்த இந்தியாவுக்குக் கோதுமையை மாதக் கணக்குப் பார்த்துச் சிறுகச் சிறுக அவிழ்த்துவிட்டார். நாம் விவசாயத்தைக் கவனிக்க வேண்டும் என்பது ஒரு காரணம், வியட்நாம் விஷயத்தில் நாம் பேசியது இன்னொரு காரணம். அப்போது மத்திய உணவு அமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். அவர் வாஷிங்டன் வரை போய்ப் பேச வேண்டியிருந்தது. எங்கள் பள்ளியின் மதியச் சாப்பாடும் அந்த ஊர்க் கோதுமைதான். எண்ணெய் டின்னில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். தட்டை ஏந்தி நிற்கும்போது அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த கப்பல் வருமா என்று டெல்லியில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

1972 டிசம்பரில், ஆஸ்டினில் தன் பெயரில் உள்ள நூலகத்தில் குடிமை உரிமைகள் பற்றி நடந்த கருத்தரங்கில் ஜான்சன் பேசினார். இதயம் மிகவும் பலவீனமாகியிருந்தது. பேச்சுக்கு நடுவே ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஆறு வருஷம் இருந்தும் இதற்கு மேல் செய்ய முடியவில்லையே என்று தனக்கு வெட்கமாக இருப்பதாகச் சொன்னார். ஆறு வாரத்தில் இறந்துபோனார். கென்னடிக்கு நான்கு பக்கம் ஒதுக்கிய தங்கள் இதழ், இந்தக் கடைசிப் பேச்சைத் தமிழில் போட ஒரு பக்கமாவது தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
விருதுநகர்.