ஹாரோவில் இயங்கும் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

கோயில் அறங்காவலர் சபையினருக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கும், ஊர்ச் சங்கச் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

தேர்த்திருவிழா, கட்டடம், பஸ் தரிப்பு, பிள்ளையின் பள்ளி இடம் என்று எது வந்தாலும் நம் அமைப்புகள் கவுன்சிலைத்தான் நாடுகின்றன. நாடுவது சரி. ஆனால் பல வேளைகளில் தவறான கதவைத் தட்டுகிறோம். சரியான கதவானால், அது சாத்தப்பட்ட பிறகு போய் நிற்கிறோம். இரண்டாலும் நம் மக்களின் காசும் உழைப்பும் வீணாகின்றன. லண்டனின் உள்ளூராட்சிப் பிரிவுகளில் (பரோக்களில்) ஒன்றான இந்த ஹாரோவின் எல்லை, அதிகாரம், காலக்கெடு மூன்றையும் அறிந்த ஒருவரை ஒவ்வொரு சபையும் அதற்கென்றே நியமிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அவர் அறிந்திருக்க வேண்டியவற்றில் முக்கியமானவற்றைக் கீழே தருகிறோம்.

முதலில் எல்லை. ஹாரோவின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி இங்கே 2 லட்சத்து 61 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயர், மேற்கே ஹில்லிங்டன், தெற்கே ஈலிங், தென்கிழக்கே பிரென்ட், கிழக்கே பார்னெட். கிழக்கு எல்லையாக ஓடும் எஜ்வேர் ரோடு, ரோமர் காலத்து நெடுஞ்சாலை. 1934இல் பல சிறு சபைகளை ஒன்றாக்கி ஹாரோ நகர்ப்புற மாவட்டம் அமைந்தது. 1954இல் அது பரோ ஆனது. 1965இல் லண்டன் பரோக்கள் பிறந்தபோது மற்றவை பழைய சபைகள் பலவற்றைச் சேர்த்து உருவாக, ஹாரோ மட்டும் இருந்த எல்லையோடு அப்படியே மிடில்செக்ஸிலிருந்து லண்டனுக்குள் வந்தது. அதனால்தான் இன்றைய எல்லை, கடைத்தெருக்களின் நடுவே, நாம் எதிர்பாராத இடங்களில் ஓடுகிறது. கென்டன் ரோட்டைப் பாருங்கள். வடக்குப் பக்கம் ஹாரோ, தெற்குப் பக்கம் பிரென்ட். எதிரெதிர் வீடுகளுக்குக் குப்பை எடுப்பதும் பார்க்கிங் பெர்மிட் கொடுப்பதும் வெவ்வேறு கவுன்சில்கள். HA என்று தொடங்கும் அஞ்சல் குறியீட்டை நம்பாதீர்கள். HA0, HA9 பெரும்பாலும் வெம்பிளிப் பக்கம், அதாவது பிரென்ட்; HA4 ருயிஸ்லிப், அது ஹில்லிங்டன்; HA3 ஹாரோவிலும் உண்டு, பிரென்டிலும் உண்டு. ஹாரோ நகரை ஒட்டியிருக்கும் நார்த்விக் பார்க் மருத்துவமனைகூட பிரென்ட் எல்லைக்குள் இருப்பதுதான். மனு எழுதுமுன் அரசாங்கத்தின் இணையத்தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டு, எந்தக் கவுன்சில் என்று உறுதிசெய்யுங்கள். ஒரு நிமிட வேலை.

அடுத்தது அதிகாரம். யாழ்ப்பாணத்தில் மாநகர சபையை நடத்துபவர் மேயர். ஹாரோ மேயர் அப்படியல்ல; ஆண்டுதோறும் மே மாதம் கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தெரிவுசெய்கிறார்கள். கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவதும் விழாக்களுக்கு வருவதும் அவர் பணி. அவரைப் பொங்கல் விழாவுக்கு அழையுங்கள், பொன்னாடை போர்த்துங்கள். ஆனால் மகஜரை அவர் கையில் கொடுத்தால் அது இன்னொருவருக்குப் போய்ச் சேரவேண்டியதாகத்தான் இருக்கும். நிர்வாக முடிவுகள் கவுன்சில் தலைவரிடமும் அவர் அமைக்கும் அமைச்சரவையிடமும் இருக்கின்றன. 2022 தேர்தலிலிருந்து 22 வார்டுகள், 55 கவுன்சிலர்கள். பாதி வார்டுகளுக்கு மூவர், மீதிக்கு இருவர். வீதி விளக்கு, குப்பை, நடைபாதை போன்றவற்றை முதலில் கவுன்சில் இணையத்தளத்தில் முறையிட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த இலக்கம், தேதி, சரியான முகவரி, படம் நான்கையும் உங்கள் வார்டுக் கவுன்சிலருக்கு அனுப்புங்கள். இலக்கம் இல்லாமல் போகும் முறைப்பாடு மறுபடி முதற்படிக்கே திரும்பிவிடும்.

பஸ் வழித்தடமும் அண்டர்கிரவுண்ட், ஓவர்கிரவுண்ட் ரயில்களும் லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் (TfL) பொறுப்பு. அதற்கு அந்த நிறுவனத்துக்கும், பிரென்ட் அன்ட் ஹாரோ தொகுதியின் லண்டன் அசெம்பிளி உறுப்பினருக்கும் எழுதுங்கள். காவல்துறை, தீயணைப்பு, போக்குவரத்து ஆகியவற்றுக்கான பங்கு கவுன்சில் வரிச் சீட்டிலேயே தனித் தொகையாக இருக்கும். வீட்டின் கவுன்சில் வரிப் பிரிவு (band) தவறு என்று நினைத்தால் அதையும் கவுன்சிலிடம் கேட்டுப் பயனில்லை. 1991 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பை வைத்துப் பிரிவைத் தீர்மானிப்பது அரசின் சொத்து மதிப்பீட்டு அலுவலகம் (Valuation Office). தனியாக வசிக்கும் முதியவருக்கான 25 சதவீதக் கழிவைக் கேட்கவேண்டியதோ கவுன்சிலிடம். நம் முதியோர் பலர் அதைக் கேட்பதே இல்லை.

எங்களை மிகவும் வருத்துவது கட்டடங்கள் விஷயம். அடியார்களின் காசில் சபை ஒரு பழைய அலுவலகத்தையோ களஞ்சியத்தையோ வாங்குகிறது, பூசை தொடங்குகிறது, பிறகுதான் பிளானிங் எனப்படும் கட்டடப் பயன்பாட்டு அனுமதி பற்றி யோசிக்கிறது. அலுவலகமும் கடையும் E என்ற பயன்பாட்டு வகுப்பில் இருக்கின்றன, களஞ்சியம் B8இல், வழிபாட்டிடம் F1இல். ஒரு வகுப்பிலிருந்து F1க்கு மாற்ற அனுமதி வேண்டும். தொழிற்பேட்டைக்குள் இருக்கும் கட்டடமானால் தொழில் நிலத்தைக் காக்கும் கொள்கை குறுக்கே நிற்கும். அங்கே மறுப்புக்கு வாய்ப்பு அதிகம். ஆகவே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் கட்டணம் செலுத்தி, விண்ணப்பத்துக்கு முந்திய ஆலோசனையை எழுத்தில் பெறுங்கள். முடிந்தால் அனுமதி கிடைத்தால் மட்டுமே கொள்வனவு என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் அதிகாரி பார்ப்பது ஒரே நேரத்தில் எத்தனை பேர், எத்தனை கார், எத்தனை மணிவரை மேளமும் நாதஸ்வரமும் என்பதைத்தான். சாதாரண வெள்ளிக்கிழமைக் கணக்கை மட்டும் கொடுத்து நவராத்திரியையும் தைப்பூசத்தையும் மறைக்காதீர்கள். நீங்கள் கொடுத்த எண்ணிக்கையே பின்னால் அனுமதியின் நிபந்தனையாக வரும். அதை மீறினால் வரும் நிபந்தனை மீறல் அறிவித்தலுக்கு மேன்முறையீடு கிடையாது. சிறிய விண்ணப்பத்துக்கு 8 வாரம், 1000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ தளப்பரப்புள்ள பெரியதற்கு 13 வாரம் என்பது தீர்மானத்துக்கான கெடு. இடையில் அயலவர் கருத்துச் சொல்ல 21 நாள். ஆதரவுக் கடிதம் திரட்டுவதென்றால் அந்த 21 நாளுக்குள் திரட்டுங்கள். ஒரே வாசகத்தில் 300 பேர் கையொப்பமிட்டு அனுப்பினால் அது ஒரே கருத்தாகவே எடைபோடப்படும். நடந்தே வரும் குடும்பம், பஸ்ஸில் வரும் மூதாட்டி என்று ஒவ்வொருவரும் தம் வசதியைச் சொல்லி எழுதும் பத்துக் கடிதங்கள் அதைவிடப் பயன் தரும்.

அனுமதி இல்லாமல் நடத்தியதற்கு அமலாக்க அறிவித்தல் வந்துவிட்டதா? அதில் அது நடைமுறைக்கு வரும் தேதி எழுதியிருக்கும். குறைந்தது 28 நாள் அவகாசம் இருக்கும். அந்தத் தேதிக்கு முன்பே மேன்முறையீடு, அவற்றை விசாரிக்கும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் உரிமை போய்விடும். கடிதத்தை அடுத்த சபைக் கூட்டம் வரை கோப்பில் வைக்காதீர்கள்.

உங்கள் உறுப்பினர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். ஹாரோ மலையின் உச்சியில் மணல் கலந்த மண் இருக்கிறது. பரோவின் பெரும்பகுதி களிமண். மழைநீர் இறங்காது, யீடிங் புரூக், பின் ஆறு (River Pinn), வீல்ட்ஸ்டோன் புரூக் ஆகிய நீரோடைகளுக்கே ஓடும். கார் நிறுத்த முன்தோட்டத்தை முழுக்க சீமெந்து போட்டால் அந்த நீர் தெருவில் தேங்கும். நீர் புகாத தரை 5 சதுர மீட்டரைத் தாண்டி, நீரை வடியவிட அங்கேயே மண் தரையும் இல்லையென்றால், 2008 அக்டோபரிலிருந்து அனுமதி அவசியம். சரளைக்கல்லோ நீர் புகும் கல்லோ போட்டால் தேவையில்லை. நடைபாதை விளிம்பைத் தாழ்த்த வேறு அனுமதி வேண்டும். அது கிடைக்காமல் தரை போட்டால் கார் ஏறக்கூட வழியிருக்காது.

தமிழ்ப் பள்ளிகளுக்கு: கிராமர் பள்ளிகளுக்கான (தேர்வில் தேறியவர்களை மட்டும் சேர்க்கும் அரசு இடைநிலைப் பள்ளிகள்) 11 பிளஸ் நுழைவுப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறீர்கள். ஹாரோவில் அரசு கிராமர் பள்ளி இல்லை என்பதால் பலர் பார்னெட் பக்கம் போகிறார்கள். பரீட்சைக்குப் பதிவது அந்தந்தப் பள்ளியில். ஆனால் பள்ளி இடத்துக்கு விண்ணப்பிப்பது நீங்கள் வசிக்கும் பரோவில், அக்டோபர் 31க்குள், அதிகபட்சம் ஆறு பள்ளிகளை விருப்ப வரிசையில் எழுதி. நல்ல புள்ளி பெற்ற பிள்ளையானாலும் அந்தப் பள்ளியின் பெயர் ஹாரோ படிவத்தில் இல்லையென்றால் இடம் கிடைக்காது. ஆரம்பப் பள்ளிக்குக் கெடு ஜனவரி 15. இந்த இரண்டு தேதிகளையும் வகுப்பறைக் கதவில் ஒட்டுங்கள். மாணவர்களை ஒருமுறை ஹெட்ஸ்டோன் மேனருக்கும் அழைத்துச் செல்லுங்கள். கான்டர்பரி ஆர்ச்பிஷப்புகளுக்குச் சொந்தமாயிருந்த, அகழி சூழ்ந்த அந்த மாளிகை இப்போது அருங்காட்சியகம். தாங்கள் வளரும் ஊரின் வரலாற்றை நம் பிள்ளைகள் அங்கே கண்ணால் காணலாம்.

கடைசியாக வாக்கு. பரோவின் எல்லா இடங்களுக்கும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். பிரித்தானியக் குடியுரிமை வந்த பிறகுதான் வாக்கு என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். பொதுநலவாய நாடுகளான இலங்கை, இந்தியாவின் குடிமக்கள் இங்கே தங்கும் அனுமதியோடு வசித்தால், 18 வயதானவர்கள் உள்ளூராட்சித் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். தேர்தலுக்கு 12 வேலைநாள் முன்பே வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்திருக்க வேண்டும். படமுள்ள அடையாள அட்டை இல்லாமல் வாக்குச்சாவடியில் சீட்டுத் தரமாட்டார்கள். இலங்கைக் கடவுச்சீட்டு செல்லும். காலாவதியானதும் படத்தில் ஆளை அடையாளம் காண முடிந்தால் செல்லும். எதுவுமே இல்லாதவர் தேர்தலுக்கு 6 வேலைநாள் முன்னதாக, மாலை 5 மணிக்குள், இலவச வாக்காளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மனி, பிரான்ஸ் கடவுச்சீட்டோடு இங்கே குடிவந்த நம்மவர் நிலை வேறு. 2020 டிசம்பர் 31க்கு முன்பிருந்தே சட்டப்படி தொடர்ந்து வசிப்பவர்களுக்கு மட்டும் கவுன்சில் தேர்தலில் வாக்கு உண்டு. பாராளுமன்றத் தேர்தலில் இல்லை. அவர்கள் கேட்டு வந்தால் இதைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஹாரோவில் வசிக்கும் தமிழர் சிலர்