இந்த வார வாசிப்பு: டிஆர்எச்பி

நண்பர்களே, தொழில் யோசனை தேடுபவர்களுக்கு இந்த வாரம் புத்தகம் இல்லை. ஐபிஓவுக்கு (பொதுமக்களுக்கு முதன்முதலாகப் பங்கு விற்பதற்கு) முன் நிறுவனங்கள் வெளியிடும் வரைவு ஆவணமான டிஆர்எச்பி ஒன்றைப் படியுங்கள். பெரிய நிறுவனங்களுடையது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நமக்கு உபயோகம் பங்குச் சந்தைகளின் சிறு நிறுவனப் பிரிவுகளான என்எஸ்இ எமர்ஜ், பிஎஸ்இ எஸ்எம்இ தளங்களில் உள்ள சிறு நிறுவனங்களுடையதுதான்.

நூற்றுக்கணக்கான பக்கங்கள், மலைக்க வேண்டாம். முதலில் 'ரிஸ்க் ஃபேக்டர்ஸ்', அதாவது தொழிலில் உள்ள ஆபத்துகள். விற்பனையில் எத்தனை சதவீதம் பத்தே வாடிக்கையாளர்களிடம் மாட்டியிருக்கிறது என்பது பெரும்பாலும் அங்கேதான் வரும். அடுத்து நிதிக் கணக்கில் 'ட்ரேட் ரிசீவபிள்ஸ்', அதாவது விற்றும் இன்னும் கைக்கு வராத பணம். அதை ஆண்டு விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். விற்பனை 40 கோடி, வரவேண்டியது 10 கோடி என்றால் 91 நாள். சரக்கு போய் மூன்று மாதம் கழித்துத்தான் காசு! ஏட்டில் லாபம் இருந்தும் சம்பளம் போடத் திணறுவது இதனால்தான். உற்பத்தித் தொழிலென்றால், இயந்திரத் திறனில் எவ்வளவு ஓடுகிறது என்ற அட்டவணையையும் பாருங்கள்.

துறையின் நிலவரம் சொல்லும் 'இண்டஸ்ட்ரி ஓவர்வியூ' பகுதியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பல நேரம் அந்த நிறுவனமே பணம் கொடுத்து எழுதி வாங்கிய அறிக்கை அது. வளர்ச்சி அமோகமாகத்தான் இருக்கும்.

ஞாயிறுக்குள் ஆளுக்கு ஒன்று படித்து, காசு வர எத்தனை நாள் என்ற கணக்கை இங்கே போடுங்கள். பிடிஎஃப் வேண்டாம், எல்லார் போனும் நிரம்பிவிடும்.